களையை எண்ணிக்கிட்டே இருந்தா பறிக்கிறது எப்போ?

அரசுப் பள்ளியில ஒரு திட்டம் வந்தா, அடுத்த வருஷமே "மாபெரும் வெற்றி"ன்னு போஸ்டர் ஒட்டிடறாங்க. எதை வச்சுன்னு கேட்டா, இத்தனை லட்சம் பிள்ளைங்க, இத்தனை கோடி ரூபாய்னு கணக்கு வருது. ஐயா, அது நீங்க போட்ட உரத்தோட கணக்கு. விளைச்சல் எங்கே?

எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்குங்க. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து பிள்ளைங்க எழுத்தை மறந்த நேரம். 2022ல ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் கொண்டு வந்தாங்க. 2025க்குள்ள எட்டு வயசுக்குள்ள இருக்கிற எல்லாப் பிள்ளையும் வாசிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும்கிறது இலக்கா இருந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அவங்கவங்க நிலைக்கு ஏத்தபடி சொல்லிக் கொடுக்கிறாங்க. நோக்கத்துல எனக்குக் குறை இல்லை. அளக்கிற விதத்துலதான் குறை.

பாடம் நடத்துற டீச்சரே மதிப்பெண் போட்டு, அவங்களே செல்போன் ஆப்புல ஏத்தணும். குறைஞ்சா கேள்வி வருமோங்கிற பயம் இருந்தா, யார் உள்ளதை உள்ளபடி ஏத்துவாங்க? டீச்சர்மேல தப்பில்லை. தராசை அவங்க கையில கொடுத்தவங்கமேலதான் தப்பு. இதுல பாடம் நடத்துற நேரமும் போகுது.

எங்க வயலுக்கு அரசு எப்படிப் பண்ணுது தெரியுமா? பயிர்க் காப்பீட்டுக்கு மகசூல் எவ்வளவுன்னு என் வாயால கேட்டு எழுதிக்கிறதில்லை. பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு ஒண்ணு உண்டு. எந்த வயல்னு குலுக்கல் மாதிரி எடுப்பாங்க. நெல்லுன்னா 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. எல்லா வயலையும் அறுக்கிறதில்லை, சில வயல் போதும். பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி செய்யுங்க. சில பள்ளி, சில பிள்ளைங்க, வெளியாள் வந்து வாசிக்கச் சொல்லிக் கேக்கட்டும்.

மாநில அளவுல அடைவுத் தேர்வு நடக்குதேன்னு சொல்வீங்க. பிள்ளைங்க எந்த நிலையில இருக்காங்கன்னு அது சொல்லும். இந்தத் திட்டத்தாலதான் தேறினாங்களான்னு சொல்லாது. மூடின பள்ளிக்கூடம் திறந்தாலே பிள்ளைங்க கொஞ்சம் தேறத்தான் செய்வாங்க. புது உரம் போடுறவன் ஒரு பாத்தியைப் போடாம விட்டு வைப்பான். நல்ல மழையில எல்லாப் பாத்தியும் விளைஞ்சா, பேரு உரத்துக்குப் போயிடக் கூடாதில்லையா?

பிள்ளைங்களை அப்படி விட முடியுமான்னு கேப்பீங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல 1,545 பள்ளியில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்லதான் மத்த அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. ஆக, எப்படியும் படிப்படியாத்தான் வருது. யாருக்கு முதல்லங்கிறதைக் குலுக்கல்ல முடிவு பண்ணுங்க. கிடைச்ச பள்ளியையும் காத்திருக்கிற பள்ளியையும், தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளங்க. இதையெல்லாம் விதைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். அறுப்பு முடிஞ்ச பிறகு எந்தப் பாத்தியில என்ன போட்டோம்னு தேட முடியாது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க பிள்ளைக்கு வாசிக்க வரலைன்னா டியூஷன் வைப்பீங்க. எங்க ஊருக்கு அந்த ரெண்டு டீச்சரை விட்டா வேற கதி இல்லை. மூணாவதுல வாசிக்கத் தெரியாத பிள்ளை, எட்டாவது வரைக்கும் பாஸாகிப் போயிட்டே இருக்கும். ஒன்பதாவதுல தடுமாறி நின்னா, பிறகு கூலி வேலைதான். அதனால அடுத்த தடவை "வெற்றி"ன்னு விளம்பரம் வந்தா கேளுங்க: முன்னாடி அளந்தீங்களா? யார் அளந்தது? எதோட ஒப்பிட்டீங்க? உங்க வரிப்பணமும் அதுல இருக்கு.