வேலைச் செய்தி எந்த வழியாக வருகிறது?

பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நம் ஊரில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். "நிறைய விண்ணப்பம் போடு" என்பது ஒன்று. "இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் போதாதவை. ஒருவருக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் மாணவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. படிவம் 4-லேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனுக்கு அருகில் உள்ள நியூட்டனில், தெரிந்த ஒருவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அந்த ஒருவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?" என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பதாக 55.6 விழுக்காட்டினரும், மிக அரிதாகச் சந்திப்பதாக 27.8 விழுக்காட்டினரும் சொன்னார்கள். உயிர் நண்பர்களைவிட, ஓரளவே தெரிந்தவர்கள் வழியாகவே வேலைச் செய்தி அதிகம் வந்திருக்கிறது.

காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். ஓரளவே தெரிந்தவரோ வேறொரு வட்டத்தில் வாழ்பவர். அங்கிருந்து இங்கே செய்தி வர அவர் ஒரு பாலம்.

ஆனால் நமக்கு ஓரளவு தெரிந்தவர்களே எண்ணிக்கையில் அதிகம்; அதனால்தான் அவர்கள் வழியாக வேலை அதிகம் வந்ததோ என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல அறிவியல் கேள்வி. அதற்குப் பரிசோதனைதான் விடை தர முடியும். கார்த்திக் ராஜ்குமாரும் சக ஆய்வாளர்களும் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் அத்தகைய ஆய்வை வெளியிட்டார்கள். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பயனர்களுக்கு, யாரை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம் என்று காட்டும் பரிந்துரைகள் தற்போக்கு முறையில் மாற்றப்பட்டன. 5 ஆண்டுத் தரவுகளில் தெரிந்த முடிவு இது: மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுத்தர அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவின. கணினி சார்ந்த துறைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அத்தகைய தொழில்நுட்பம் குறைந்த துறைகளில் நெருங்கிய உறவுகளே கூடுதலாகக் கைகொடுத்தன.

இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட்டைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து வேலை கங்காணி வழியாகவும் உறவினர் வழியாகவும் கிடைத்தது. விடியற்காலைப் பிரட்டில் ஒருவர் கேட்ட செய்தியைத்தான் லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. ஆனால் பழைய செய்திவழியே இன்னும் பலருக்கு மிச்சமிருக்கிறது. எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் டாக்டர், வக்கீல், எஞ்சினியர், ஆசிரியர் என்ற நான்கு பதில்களுக்குள் நம் பிள்ளைகள் நின்றுவிடுவது திறமைக் குறைவால் அன்று. மருத்துவமனையில் கதிரியக்கக் கருவியை இயக்குபவரையோ, ஆய்வுக்கூடத்தில் குடிநீரைச் சோதிப்பவரையோ அவர்கள் சந்தித்ததே இல்லை. புள்ளிவிவரத் துறையின் அண்மைய ஆண்டுக் கணக்குகளின்படி, நாட்டில் வேலையில் உள்ள உயர்கல்வி பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தம் படிப்புத் தகுதிக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள். பாலங்கள் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஆபத்து கூடுதல் என்றே நினைக்கிறேன்.

"அப்படியானால் சிபாரிசு பிடிக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. தகுதியில்லாதவரை உள்ளே நுழைப்பது சிபாரிசு. இப்படியொரு வேலை உண்டு, அதற்கு இந்தப் பாடம் வேண்டும், இந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியப்படுத்துவது தகவல். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்கும் அது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்களில் வேலை வழிகாட்டிப் பிரிவுகள் உண்டு. பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளமும் உண்டு. அவை தேவையானவையே. ஆனால் அங்கே போகும்போது படிவம் 4-இல் எடுத்த பாடத்தை மாற்ற முடியாது. ஆகவே வழிகாட்டல் பள்ளியிலேயே தொடங்கட்டும். பள்ளி ஆலோசக ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு முறையாவது முன்னாள் மாணவர்கள் மூவரை அழைக்கலாம். புகழ்பெற்றவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஈப்போவின் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படித்து வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர், கம்பார் உத்தார் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிப்பவர் ஒருவர் என்றாலே போதும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, அவர்கள் மூலமாக, நீங்கள் நன்கு அறியாத ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாளில் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்? எந்தப் பாடம் அதற்குக் கைகொடுத்தது? இதே துறையில் வேறு யாரிடம் நான் பேசலாம்? மூன்றாவது கேள்விதான் அடுத்த பாலத்தைக் காட்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இவ்வூரில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. இன்று நாம் சேர்க்க வேண்டியது தகவல். வெளியூர் போய்ப் படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் தம் பழைய பள்ளிக்கு வந்து பேசினால், அதுவே ஒரு நல்ல பங்கு.