நாகூரில் ஓர் இசையமைப்பாளர் ஆறு மாதம் தங்கினால்? ‘ரெசிடென்சி’ டெல்டாவுக்கு ஏன் தேவை

ஆர்கெஸ்ட்ரா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண மண்டபத்து லைட் மியூசிக்தான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தபோது, அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் செல்போனில் கிளிப் பார்த்தவர்களுக்கும் புரிந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. தமிழர் ஒருவர் எழுதிய சிம்பொனி முதன்முதலில் ஒலிக்க ஏன் லண்டன் வரை போக வேண்டும்?

இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. புதிதாக ஒன்றை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியில்லை என்றால் திருத்தி, மறுநாள் மறுபடி வாசித்துப் பார்க்க இடம் கொடுக்கும் அமைப்புக்குத்தான் பஞ்சம். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ‘ரெசிடென்சி’.

அது எப்படி நடக்கிறது?

உயிரோடிருக்கும் ஓர் இசையமைப்பாளரை ஒரு ஆர்கெஸ்ட்ரா குறிப்பிட்ட காலத்துக்குத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. சம்பளம் உண்டு, வாசிக்க ஆட்கள் உண்டு, ஒத்திகைக்கு நேரமும் உண்டு. பழைய முன்னுதாரணம் ஹைடன். 1761-ல் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்த அவருக்கு, எழுதியதை உடனே வாசித்துக் காட்ட ஒரு குழு கைவசம் இருந்தது. பல ஆண்டுகள் இப்படிச் சோதித்துப் பார்த்துத்தான் சிம்பொனி வடிவத்தை அவர் செதுக்கினார். நம் காலத்தில், ஜான் ஆடம்ஸ் 1982 முதல் 1985 வரை சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியில் இப்படி இருந்தார்.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. 2006-ல் மும்பையில் தொடங்கிய ‘சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’வுக்காக ஜாகிர் உசேன் எழுதிய தபலா கான்செர்ட்டோ ‘பேஷ்கார்’ 2015-ல் அரங்கேறியது. முழுநேரமாக இயங்கும் ஒரு குழு இருந்ததால்தான், இப்படி ஒரு படைப்பை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவும் முடிந்தது.

இது வெளிநாட்டுச் சரக்கா?

இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே ஆதாரம் இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ‘ராஜராஜேஸ்வர நாடகம்’ ஆடுவதற்காக விஜயராஜேந்திர ஆசார்யன் என்ற சாந்திக்கூத்தருக்கும் அவர் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் தரப்பட்டதை இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஆடுகிற அன்றைக்கு மட்டும் கூலி கொடுத்து அனுப்பவில்லை. வருஷம் முழுக்க அடுப்பெரிய வழி செய்திருந்தார்கள்.

பிறகு மராட்டியர் காலம். இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியக் குழு இருந்தது. அதே அவையில்தான் பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான வடிவேலு, வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். இரண்டு இசை உலகங்கள் ஒரே வாசலில் புழங்கியதன் பலன் அது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. யார் பாடலாம், யார் ஆடலாம் என்பதைப் பிறப்பும் அரண்மனையும் முடிவுசெய்த காலம் அது. ஆனால், புதிதாக உருவாக்குபவருக்குக் காலமும் கூலியும் தர வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணுக்கு அப்போதே இருந்தது.

ஏன் நாகூர்?

ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் 131 அடி உயர மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கலந்து வாழ்வது நாகூருக்குப் பழக்கம். இசையும் அப்படித்தான். தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்கள் ஒரு பக்கம். கர்நாடக இசையில் தேர்ந்து ‘தர்கா வித்வான்’ என்றே அறியப்பட்ட எஸ்.எம்.ஏ. காதர் இன்னொரு பக்கம். கட்சி மேடையிலும் பக்திப் பாடலிலும் ஒரே கம்பீரத்தோடு ஒலித்த ‘இசைமுரசு’ நாகூர் ஹனிபாவின் குரல் வேறொரு பக்கம்.

வெளியிலிருந்து வந்தவர்களும் இதைக் கவனித்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட நாடுகளின் கரையோர இசையைத் தேடிப் பதிவுசெய்த ‘லயா ப்ராஜெக்ட்’ 2007-ல் வெளியானது. சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் தயாரித்தது. அதில் பாடிய நாகூரின் அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரின் குரல்களை வைத்தே பிறகு ‘நாகூர் செஷன்ஸ்’ என்ற தனி ஆல்பமும் வந்தது.

நல்ல வேலைதான். ஆனால் ஆல்பம் என்பது ஒரு பதிவு. அடுத்த புதிய பாடலை எழுத, அடுத்த தலைமுறைப் பாடகர் உட்கார்ந்து யோசிக்க, மாதச் செலவுக்கு வழி என்ன என்பதற்கு ஆல்பம் பதில் ஆகாது.

நாடகத்துக்கும் இதே கதைதான்

நவீன நாடகத்தைத் தமிழில் ஊன்றியவர்களில் முக்கியமானவரான ந. முத்துசாமி, இதே டெல்டாவின் புஞ்சை கிராமத்துக்காரர். தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன மேடைக்குக் கொண்டுவர அவர் 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரப் பயிற்சி தந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்களின் நடிப்பை சினிமாவில் ரசிக்கிறோமே, அதற்குப் பின்னால் அந்தப் பட்டறை வாழ்க்கை இருக்கிறது. பரிசோதனை நாடகத்துக்குப் பணத்தைவிட முதலில் தேவை, தோற்றுப் பார்க்க அவகாசம். அந்த அவகாசத்தை வாங்கித் தருவது பணம்.

நாகூருக்கு வடக்கே, புதுச்சேரி அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தியும் இதையே காட்டுகிறது. நடிகர்கள் வளாகத்திலேயே தங்கி, பயின்று, மெதுவாக ஒரு நாடகத்தை வளர்க்கிறார்கள்.

இப்போது பணம் எங்கே போகிறது?

பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு. ஒன்று, முடிந்த படைப்பை மேடையேற்றும் விழாக்களுக்கு. இன்னொன்று, விருதுக்கும் வயதான கலைஞர்களின் உதவித்தொகைக்கும். இரண்டுமே தேவை. நடுவில், படைப்பு உருவாகும் காலம்தான் அநாதையாக நிற்கிறது. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் சீனியர் ஃபெலோஷிப் மாதம் 20,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் அது தனிநபருக்கு. அவர் எழுதியதை வாசித்துப் பார்க்கக் குழுவோ, ஒத்திகைக் கூடமோ அதோடு வராது.

என்ன செய்யலாம்?

புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். தென்னகப் பண்பாட்டு மையத்தின் தலைமையகம் தஞ்சாவூரில்தான் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை உண்டு. திருவையாறில் அரசு இசைக் கல்லூரி உண்டு. இவை கைகோத்து ஓர் இசையமைப்பாளர், ஒரு நாடக இயக்குநர், மூன்று உள்ளூர்க் கலைஞர்கள் என ஐந்து பேரை நாகூரில் ஆறு மாதம் தங்கவைக்கலாம். ஆளுக்கு அதே 20,000 ரூபாய் என்றால் மொத்தச் சம்பளம் 6 லட்சம். தங்கும் செலவும் ஒத்திகைச் செலவும் தனி என்றாலும், ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியின் ஒலி, ஒளி, பந்தல் செலவோடு ஒப்பிட்டால் இது மலைக்கவைக்கும் தொகை இல்லை.

மூன்று நிபந்தனைகள் முக்கியம். முதலாவது, உள்ளூர்க் கலைஞர் ‘பின்னணிக் குரல்’ ஆகிவிடக் கூடாது, இணைப் படைப்பாளியாகவே பெயர் வர வேண்டும். இரண்டாவது, உரிமை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், வணிக ரீதியாகப் பயன்படும் நிகழ்த்துகலைக்கு ராயல்டி பெறும் உரிமையைக் கலைஞர்களுக்குத் தருகிறது. அது முதல் நாளே, தமிழில், ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, தர்கா ஒரு வழிபாட்டுத் தலம், ஸ்டுடியோ அல்ல. எந்தப் பாட்டு மேடைக்கு வரலாம், எது வரக் கூடாது என்பதைப் பாடுபவர்களே சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் முடிவில் கிடைப்பது சுமாரான நாடகமாகவும் இருக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் இசையாகவும் இருக்கலாம். விளைச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டா டெல்டாவில் நாற்று விடுகிறார்கள்? விதைநெல்லை முதலில் எடுத்துவைப்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. கலைக்கான பட்ஜெட் போடுகிறவர்களும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.