அடுப்படியும் ஊழியமே



தில்லியில் குளிர்காலம் வந்துவிட்டால் தள்ளுவண்டிகளில் பச்சைப் பட்டாணியும் சிவப்புக் கேரட்டும் குவிந்துகிடக்கும். அவற்றைக் காணும்போதெல்லாம் கர்த்தர் எனக்குக் கற்பித்த ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது.

புருஷர்கள் தங்கள் மனைவிகளில் அன்புகூர வேண்டுமென்று எபேசியர் 5-ஆம் அதிகாரத்திலிருந்து பல ஆண்டுகள் பிரசங்கித்த நான், வீட்டில் ஒருநாளும் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. ஒரு ஜனவரி மாதம் என் மனைவி காய்ச்சலாய்ப் படுத்திருந்தார்கள். உபவாச ஜெபம் முடித்து இரவு வீடு திரும்பிய நான், "சாப்பிட ஒன்றுமில்லையா?" என்று கேட்டேன். அவர்கள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சி என் பிரசங்கங்கள் யாவற்றையும் நியாயந்தீர்த்தது. அவர்களைப் படுக்கவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நான் செய்த முதல் சமையல் இது.

நான்கு பேருக்கு அரை கிலோ பட்டாணியை உரித்துக்கொள்ளுங்கள். 250 கிராம் கேரட்டைப் பட்டாணி அளவிலேயே நறுக்குங்கள். அப்பொழுதுதான் இரண்டும் ஒன்றாய் வேகும். வாணலியில் 2 தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம் தாளித்து, ஒரு வெங்காயம், 2 பச்சைமிளகாய், சிறிது இஞ்சி ஆகியவற்றை வதக்குங்கள். காய்களுடன் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, கால் தம்ளர் தண்ணீர் தெளித்து, மிதமான தீயில் 10 நிமிடம் மூடிவைத்து, இடையில் கிளறிவிடுங்கள். நீர் வற்றியதும் கொத்தமல்லித்தழை தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியுங்கள். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பட்டாணியின் பசுமை மங்கிவிடும். பறித்தபின் நேரமாக ஆகப் பட்டாணியின் இனிப்புக் குறைந்து மாவுத்தன்மை கூடும். ஆகையால் வாங்கிய அன்றே சமைப்பது நலம். சப்பாத்திக்கும் ரசம் சாதத்திற்கும் ஏற்றது.

அன்றைக்கு உப்பு மிகுதியாகிவிட்டது. ஆயினும் என் மனைவி குறைசொல்லாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின்பு, பல மாதங்களாகப் படியேறும்போது மூச்சிரைப்பதாக மெதுவாய்ச் சொன்னார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. மறுநாள் மருத்துவரிடம் சென்றபோது இரத்தச்சோகை என்று தெரியவந்தது. ஜெபத்தோடும் சிகிச்சையோடும் கர்த்தர் சுகம் தந்தார்.

யோவான் 21-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். இரவு முழுவதும் பிரயாசப்பட்டுக் களைத்துவந்த சீஷர்களுக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பின்மேல் மீனும், அப்பமும் ஆயத்தமாய் வைத்திருந்தார். பேதுருவிடம் அவனுடைய அன்பைக்குறித்துக் கேட்டது, அவர்கள் சாப்பிட்ட பின்புதான். சர்வ அதிகாரமும் உடையவர் அடுப்பருகே நிற்க வெட்கப்படவில்லையே!

ஊரிலிருந்தால் தாயோ, நாத்தனாரோ கைகொடுப்பார்கள். பிழைப்புக்காக வந்த பட்டணத்திலே உங்கள் மனைவிக்கு உங்களையல்லாமல் யார் உண்டு? இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், இரவு 8 மணிக்கு எழும்பும் சண்டைகள் பல, பசியினாலும் களைப்பினாலும் வருபவை. அன்புள்ள இடத்துக் கீரையே பகையுள்ள இடத்துக் கொழுத்த விருந்தைவிட மேலானது என்பது நீதிமொழிகள் 15:17 தரும் போதனை. சகோதரரே, இந்த வாரம் ஒருநாள் பட்டாணி உரித்துப் பாருங்கள். முதலாவது போஜனம், பிறகு பேச்சு, அதன்பின் குடும்ப ஜெபம்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களைச் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.