பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சா அது பழைய காரா?

பழைய கார் படம் ஒன்னு போட்டு, "என்னமா ரீஸ்டோர் பண்ணியிருக்காங்க பாருங்க"ன்னு நகரத்து நண்பர்கள் எழுதறப்பெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருதுங்க. இதுல பழசு எது? பெயிண்ட் போன மாசம் அடிச்சது. சீட்டுத் தோல் புதுசு. குரோம் எல்லாம் மறுபடி முலாம் போட்டது. தகட்டுல பாதியை வெட்டி எறிஞ்சுட்டு, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணி, பட்டி பாத்து மறைச்சாச்சு. மிச்சம் இருக்கிறது ஒரு பேரும் சேசிஸ் நம்பரும்தான். இதுக்குப் பேரு காப்பாத்துறதாங்க?

வெவசாயிக்கு ராஜாக்கள் வெச்சிருந்த காரைப் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்கலாம். எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுங்கிற கணக்கு எங்களுக்குத் தினசரி வேலை. கலப்பையில கொழு தேஞ்சா புதுக் கொழு மாட்டுவோம், அது தேயறதுக்குன்னே இருக்கிற பொருள். மேழியில கை வைக்க மாட்டோம். ரெண்டு தலைமுறை பிடிச்சுப் பிடிச்சு வந்த அந்த மழமழப்பு எந்த வார்னிஷ்லயும் வராது. வண்டிச் சக்கரத்துக்கும் அதே கணக்குதான். பட்டா தேஞ்சா பட்டாவை மாத்து, ஒரு ஆரக்கால் உடைஞ்சா அந்த ஒன்னை மாத்து. அதுக்காகச் சக்கரத்தையே தூக்கி எறியறவனை எங்க ஊர்ல ஆசாரின்னு சொல்ல மாட்டாங்க.

இதைப் பணக்காரங்க கார் உலகம் புரிஞ்சுக்க ரொம்ப காலம் ஆச்சு. அமெரிக்காவுல கலிஃபோர்னியா கடற்கரையில பெபிள் பீச்னு ஒரு இடம். 1950-ல இருந்து அங்க கார்களுக்கு அழகுப் போட்டி நடக்குது. ரொம்ப வருசமா முதல் பரிசு, பளபளன்னு வந்த கார்களுக்குத்தான் போச்சு. 2024 ஆகஸ்ட்லதான் முதல் தடவையா, புதுசாக்காம அப்படியே பாதுகாத்து வெச்ச ஒரு காருக்கு அந்தப் பரிசு கிடைச்சது. 1934-ல செஞ்ச புகாட்டி டைப் 59. பந்தயத்துக்குன்னு செஞ்ச கார், பின்னால பெல்ஜியம் ராஜா மூணாம் லியோபோல்ட் கைக்குப் போச்சு. கறுப்புப் பெயிண்ட், நடுவுல மஞ்சள் கோடு. பெயிண்ட் உதிர்ந்து, கீறல் விழுந்து, ஓடுன ஓட்டமெல்லாம் உடம்புல தெரியற மாதிரி நின்னுச்சு. புதுசா அடிச்சிருந்தா அதுவும் கூட்டத்துல ஒன்னா நின்னிருக்கும்.

ஓட்டம்னு சொன்னதால இன்னொன்னு. 1907-ல ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி ஒரு காருக்கு வெள்ளி நிறம் அடிச்சு, 'சில்வர் கோஸ்ட்'னு பேர் வெச்சாங்க. நம்பர் ஏஎக்ஸ் 201. அந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவுல திரும்பத் திரும்ப ஓட்டி, மொத்தம் 15,000 மைல் சோதனை பண்ணினாங்க. நம்ம கணக்குல 24,000 கிலோமீட்டர். உலகத்துல சிறந்த கார்னு அந்தக் கம்பெனி எடுத்த பேருக்கு அந்த ஓட்டம் ஒரு பெரிய காரணம். மாட்டைச் சந்தையில நிறுத்தி அழகு பாக்கிறவன் வேற, ஏர்ல பூட்டிப் பாக்கிறவன் வேற. காருக்கும் மதிப்பு ஓடுன ஓட்டத்துல வருது. அந்தத் தடத்தை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டு, மதிப்பைக் கூட்டிட்டோம்னு சொல்றதுதான் வேடிக்கை.

"அப்ப துருப்பிடிச்சுக் கெடக்கட்டும்னு சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்தக் கோடிக்கும் போயிருக்காங்க. சுவிட்சர்லாந்து பக்கம் மஜோரே ஏரியில, பல பத்து வருசம் தண்ணிக்குள்ள கெடந்த ஒரு 1925 புகாட்டியை 2009-ல தூக்குனாங்க. ஒரு பக்கம் அரிச்சே போயிருந்துச்சு. அடுத்த வருசம் அது ஏலத்துல 2,60,500 யூரோவுக்குப் போச்சு. வாங்கினவர் அதைப் புதுசாக்கலை, அந்த எலும்புக்கூட்டை அப்படியே அருங்காட்சியகத்துல வெச்சார். அதுக்கு அதுதான் சரி, ஏன்னா அதோட கதையே ஏரிதான். எல்லாக் காருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்கணும், டயர் புதுசா இருக்கணும், வயரிங் தீப்பிடிக்கக் கூடாது. துரு மேல பரவாம நிறுத்தணும். தோல் கிழிஞ்ச இடத்துல மட்டும் தையல் போடணும். மிச்சத்தைத் தொடாதே. அவ்வளவுதான் நான் சொல்றது.

நான் மட்டும் சொல்லலை. உலக அளவுல பழைய வாகனச் சங்கங்களுக்கெல்லாம் கூட்டமைப்பா ஃபீவான்னு ஒன்னு இருக்கு. அவங்களோட டியூரின் சாசனமும் இதைத்தான் சொல்லுது. தேவைக்கு மேல கை வைக்காதே, செஞ்சதை எழுதி வை, மாத்தின பாகம் எதுன்னு அடுத்தவன் கண்டுபிடிக்கிற மாதிரி அடையாளம் போடு. நம்ம மத்திய அரசும் 2021-ல விதி கொண்டு வந்துச்சு. 50 வருசம் தாண்டின வண்டி, பெரிய மாற்றம் இல்லாம அசல் உருவத்துல இருந்தா 'விஏ'ங்கிற எழுத்தோட தனி நம்பர் தருவாங்க. கட்டணம் 20,000 ரூபாய். அந்த நம்பரை வெச்சுக்கிட்டு வாடகைக்கு ஓட்டக் கூடாது. அசல் உருவம்னு சட்டமே சொல்லிடுச்சு. ஆனா நாம இன்னும் அசல்னா பளபளப்புன்னுதான் நினைச்சுட்டு இருக்கோம்.

ஏன் இப்படின்னா, பளபளப்பு சுலபம். முழுசா சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடிக்கிறதுக்குப் பணமும் பொறுமையும் இருந்தாப் போதும். இருக்கிற பெயிண்டைக் காப்பாத்தி, பழைய தகட்டை வெட்டாம அடிச்சு நேராக்கி, பழைய போல்ட்டையே திரும்ப மாட்டறதுக்குக் கை வேணும். அந்தக் கை இருக்கிற டிங்கர் மேஸ்திரிங்க வயசாகிட்டு வர்றாங்க. பட்டி பாத்து மறைக்கிற வேலைக்கு அவங்களைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. வேலை கேக்க ஆள் இல்லாதப்ப, யாரு அவங்ககிட்டக் கத்துக்க வருவா? ஒரு காரைப் புதுசாக்கும்போது காரோட சேந்து ஒரு தொழிலும் போகுதுங்க. எனக்குக் கோபம் அதுலதான்.

இன்னொரு கோபமும் இருக்கு. இதே கண்ணோடதான் நீங்க கிராமத்துக்கும் வர்றீங்க. எங்க ஊர் நிலைக்கதவை வாங்கிட்டுப் போய், நூறு வருச எண்ணெயையும் மஞ்சளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் அடிச்சு ஹோட்டல்ல மாட்டறீங்க. ஓடுன மாட்டு வண்டிக்குச் சிவப்பு எனாமல் அடிச்சு, வாசல்ல பூந்தொட்டி வைக்கிறீங்க. பழசு மேல பாசம்னு சொல்றீங்க. பழசுன்னா அதுல அழுக்கும் தேய்மானமும் இருக்கும்ங்க. அதைச் சகிச்சுக்க முடியலைன்னா அந்தப் பாசம் பொருள் மேல இல்லை, படம் எடுக்கிறது மேல.

கோவை அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேரைச் சொல்ற கார் அருங்காட்சியகம் இருக்கு. புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. போனா காரோட விலையைக் கேக்காதீங்க. எந்தப் பாகம் பழசு, எதை எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க. எந்தப் பழைய காரைப் பாத்தாலும் இதையே கேளுங்க. கேக்கிற ஆள் கூடினா, சுரண்டற கை தானா நிக்கும்.