பேங்க் லாக்கர் பூட்டை உடைக்க வருபவர் யார்? நமக்கு ஏன் தெரியணும்?

பேங்க் பாதுகாப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஓடிபி, யுபிஐ மோசடி, போலி லிங்க். ஆனால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு குடும்பத்தின் பெரிய சேமிப்பு இன்னமும் இரும்புக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. லாக்கரில் கல்யாண நகை, நகைக்கடனுக்கு அடகு வைத்த செயின். அந்தக் கதவைப் பழுது பார்ப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் இது.

அவர் என்ன வேலை செய்கிறார்?

லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வங்கியின் மாஸ்டர் சாவி, இன்னொன்று உங்களுடையது. இரண்டையும் போட்டால்தான் திறக்கும். உங்கள் சாவி தொலைந்தால், டெக்னீஷியன் வந்து பூட்டைத் துளைத்து உடைத்து, புதுசு பொருத்த வேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

ஸ்ட்ராங் ரூம் கதவு இன்னும் சிக்கல். சாவிகள் இரண்டு அதிகாரிகளிடம் பிரிந்திருக்கும். பல கதவுகளில் 'ரீலாக்கர்' என்ற அமைப்பும் உண்டு. தப்பான இடத்தில் துளை போட்டால், கதவு திறப்பதற்குப் பதில் இன்னும் இறுகிக்கொள்ளும். எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்தான் கை வைக்க முடியும். அந்த அறிவுதான் அவருடைய பிழைப்பு. தப்பான கைக்குப் போனால் நமக்கு ஆபத்தும் அதுதான்.

பூட்டை விட்டு கூரைக்குப் போனவர்கள்

2016 ஆகஸ்டில் சேலம் - சென்னை எக்ஸ்பிரஸில் ரிசர்வ் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகளில் 5.78 கோடியைக் காணோம். ரயில் பெட்டியின் கூரையில் ஓட்டை. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே நடந்தது என்றது சிபிசிஐடி. சின்னசேலம் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2018-ல் மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்று கைதானது.

2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் நகைக்கடன் நிறுவனத்தில் கொள்ளை. அந்த வழக்கில் கைதானவர்களில் அதே நிறுவனத்தின் ஊழியரும் ஒருவர்.

ஒன்றில் பூட்டையே சுற்றிப் போய்விட்டார்கள். இன்னொன்றில் சந்தேகம் உள்ளே இருந்த ஆள் மேலேயே விழுந்தது. அப்போ இரும்பு எவ்வளவு கெட்டி என்பது மட்டும் கேள்வி இல்லை. அதை அறிந்த மனிதர் யார் என்பதும் கேள்விதான்.

விதி இருக்கு, ஆனால்...

கொல்கத்தாவில் ஒரு வாடிக்கையாளரின் லாக்கரை அவருக்குத் தெரியாமலே வங்கி உடைத்தது. ஏழு நகைகளில் இரண்டுதான் திரும்பக் கிடைத்தன என்றார் அவர். அந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக ரிசர்வ் வங்கியின் புதிய லாக்கர் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன.

சாவி தொலைந்தால், வாடிக்கையாளரும் வங்கி அதிகாரியும் முன்னால் இருக்க, வங்கியின் டெக்னீஷியனோ வங்கி அங்கீகரித்த டெக்னீஷியனோதான் திறக்க வேண்டும். வாடகை பாக்கி போன்ற காரணத்துக்காக வங்கியே உடைத்தால், அதிகாரியோடு இரண்டு சாட்சிகள் வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது சில சவரன்தான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'அங்கீகரித்த' என்ற அந்த ஒற்றை வார்த்தை. அவர் எங்கே பயிற்சி எடுத்தார், பின்னணியை யார் சரிபார்த்தார்? வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கைரேகை சோதனைக்குப் பிறகுதான் பூட்டுத் தொழிலாளிக்கு லைசன்ஸ். நம்மூரில் இந்தத் தொழிலுக்கென்று தனி லைசன்ஸ் கிடையாது. இத்தனைக்கும் 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாநிலம் இது!

'லைசன்ஸ் வந்தால், பஸ் ஸ்டாண்ட் ஓரம் டூப்ளிகேட் சாவி போடுகிறவர் பிழைப்பு போகுமே?' நியாயமான கவலை. அதனால்தான் வங்கி வேலைக்கு மட்டும் வேண்டும் என்கிறேன். அரசு ஐடிஐகளில் ஒரு சிறு படிப்பு, போலீஸ் சரிபார்ப்பு, ஓர் அடையாள அட்டை போதும். இது தொழிலாளிக்கும் கவசம். ஒரு நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? மேனேஜர் மேலா, கையில் டிரில்லோடு வந்தவர் மேலா?

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது இதுதான். உங்கள் லாக்கர் உடைக்கப்படும் நாளில் நேரில் போங்கள். வந்தவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உள்ளே இருந்ததைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும். நேர்மையான தொழிலாளி யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.