கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா?



ஞாயிற்றுக்கிழமை பேரனோடு புதுக்கோட்டையில் ஓர் அரேபிய உணவகத்தில் உட்கார்ந்திருந்த படத்தைப் போட்டாலும் போட்டேன், போன் ஓயவில்லை. "டீச்சர், இந்த வயசுல ஷவர்மாவா?" என்று பழைய மாணவர்கள் கேலி. "அதெல்லாம் நம்ம சாப்பாடாக்கா? விஷம்" என்று வல்லத்திராக்கோட்டைச் சொந்தங்கள் கோபம். இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறிய பேரன் கேட்டான் என்றுதான் போனேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹம்முஸ் அருமை. வெந்த கொண்டைக்கடலையோடு எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்தது. அரபியில் ஹம்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். நாம் சுண்டலுக்கு ஊறப்போடும் கடலையும் எண்ணெய்க்கு ஆட்டும் எள்ளும் எப்போது அந்நியமாயின? குப்பூஸ் சுடச்சுட வந்தது. என்னிடம் படித்து சவுதிக்கும் குவைத்துக்கும் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் வருஷக்கணக்காக அந்த ரொட்டியைத் தின்றுதான் இங்கே வீடு கட்டினார்கள், தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதை விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கரியில் சுட்ட கோழியும் எலும்புவரை வெந்திருந்தது.

கோளாறு ஷவர்மாவில். வாசலில், ரோட்டுத் தூசி படும் இடத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் குறைந்தால் அடுப்பை அணைக்கிறார்கள், ஆள் வந்தால் பற்றவைக்கிறார்கள். கூட்டம் கூடியதும் அந்தத் தம்பி சிவந்த மேல்பகுதியைத் தாண்டி உள்ளே வேகாத கறியையும் சேர்த்துச் சீவுகிறான். மேஜையில் மயோனைஸ் பாட்டில் மே மாத வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது.

"தம்பி, இதுல பச்சை முட்டை சேர்த்திருக்கா?" என்று கேட்டேன்.

"முட்டை இல்லாம மயோனைஸா மேடம்?" என்று சிரித்தான்.

பேரன் என் முந்தானையை இழுத்தான். "அம்மாச்சி, எல்லாரும் பாக்குறாங்க. பேசாம இருங்க."

நான் பேசாமல் இருக்கவில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்க, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டதே என்று முதலாளியிடம் கேட்டேன். மரியாதையான மனுஷர். வளைகுடாவில் பல வருஷம் ஓட்டல் வேலை பார்த்தவராம். "அங்க இப்படி வச்சிருந்தா விடுவாங்களா?" என்றேன். "அங்க கடைக்குச் சீல் வச்சிருவாங்க மேடம்" என்றார். "அப்ப இங்க?"

"இங்க யாரு மேடம் கேக்குறா?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2022 மே மாதம் கேரளாவில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுப் பெண். இரண்டு முறையும் நாம் என்ன செய்தோம்? "வெளிநாட்டுச் சாப்பாடு, நம்ம சீதோஷ்ணத்துக்கு ஆகாது" என்று ஒரு வாரம் பேசினோம். அடுத்த வாரம் அதே கடையில் வரிசையில் நின்றோம். கடைக்காரர் என்ன மதம் என்று இழுத்து எழுதிய செய்தியொன்று நம் குடும்பக் குழுவிலேயே வந்தது. அனுப்பியவருக்குச் சொல்கிறேன்: கிருமிக்கு ஊரும் கிடையாது, மதமும் கிடையாது. அதற்கு வேண்டியது வெதுவெதுப்பும் நேரமும்தான். சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் வை என்பதுதான் விதி. கல்யாண வீட்டில் மத்தியானம் மிஞ்சிய கோழிக்குழம்பை அண்டாவிலேயே விட்டு ராத்திரி ஊற்றுகிறோமே, அது மட்டும் பாரம்பரியமா?

இன்னொன்று. மயோனைஸ் அரபு நாட்டுச் சரக்கே இல்லை, பிரெஞ்சுக்காரர்களுடையது. லெபனானில் ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்வது 'தூம்'. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு அவ்வளவுதான். முட்டையே கிடையாது. உண்மையான அரேபியச் சாப்பாடாகவே போட்டிருந்தால் பாதி ஆபத்து போயிருக்கும்!

இப்போது மாணவர்கள் பக்கம் வருகிறேன். "எத்தனையோ தடவை சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகல டீச்சர்" என்கிறீர்கள். ஹெல்மெட் போடாதவனும் இதைத்தான் சொல்கிறான். 120 ரூபாய் கொடுக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி கேட்க என்ன கூச்சம்?

அந்தக் கூச்சத்தை உங்களுக்கு ஊட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. "கையைக் கட்டு, வாயில் விரலை வை" என்று முப்பது வருஷத்துக்கு மேல் சொன்னவள் நான். கேள்வி கேட்ட பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்காரவைத்திருக்கிறேன். அப்படி வளர்ந்த நீங்கள் கடைக்காரரிடமும் கேட்பதில்லை, அதிகாரியிடமும் கேட்பதில்லை. என் பேரன் வரை அது வந்துவிட்டது. தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

கடையை மூடச் சொல்லவில்லை. அந்தத் தம்பி வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அல்லது பதிவு எண் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். மயோனைஸில் பச்சை முட்டையா என்று கேளுங்கள். கறி நன்றாக வேகட்டும், காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். சரியில்லையென்றால் எழுந்து வாருங்கள், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்புங்கள். அந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், சாவு விழுந்தபிறகு வண்டி எடுக்காதீர்கள் அப்பா, முன்னாடியே வாருங்கள்.

நாங்கள் ஷவர்மாவைச் சாப்பிடவில்லை. பேரன் பஸ் ஸ்டாண்ட் வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தான். பஸ் ஏறியபிறகு, "14 நம்பரும் அங்க மாட்டியிருந்தாங்களா அம்மாச்சி?" என்று கேட்டான்.

நான் பார்க்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கப்போகிறோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
வல்லத்திராக்கோட்டை