கம்பியும் டிஷ்ஷும்

எங்கள் ஆலத்தியூரில் ஒரு மாத காலமாக என்மீது ஒரு குற்றச்சாட்டு உலவி வருகிறது. நான் யாருடைய சொத்தையும் அபகரிக்கவில்லை. யாரையும் கதையில் இழுத்துவைத்து அவமானப்படுத்தவுமில்லை. கேபிள் இணைப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் பல வருஷங்களாகத் துருப்பிடித்துக் கிடந்த டிஷ்ஷைச் சுரண்டித் துடைத்து, அதற்கு ஒரு புதுப் பெட்டியும் வாங்கி நிறுத்தியிருக்கிறேன். அவ்வளவுதான். அதற்கு டீக்கடையில் கூடிய நியாய சபை வழங்கியிருக்கும் தீர்ப்பு இது: "ஊர்ப்பிள்ளை வயிற்றிலே அடித்துவிட்டுப் பட்டணத்துக் கம்பெனிக்குக் கப்பம் கட்டப் போய்விட்டார் எழுத்தாளர்."

கதை எழுதுகிறவன் ஏழையின் பக்கம் நிற்க வேண்டும் என்பது இவர்களுடைய எண்ணம். எனக்கும் அதுதான் எண்ணம். இந்த விவகாரத்தில் ஏழை யார் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசி மழையில், சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த ஒரு லாரி, தெருவின் குறுக்கே தாழத் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தெருவில் பதினொரு நாள் படம் இல்லை. எனக்கு அதனால் நஷ்டமில்லை. படிக்கப் புத்தகம் இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் மடங்காது. கண் புரை எடுத்த பிறகு தூரத்தில் இருப்பது தெரியும். கையில் இருக்கிற எழுத்து தெரியாது. காலையில் ஒரு கோயில் அபிஷேகமும், மத்தியானம் ஒரு பழைய பாட்டும், இரவில் ஒரு தொடரும்தான் அவளிடம் வந்து பேசிப் போகிற மனிதர்கள். பதினொரு நாளும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் கேபிள்காரரிடம் போனேன். நல்ல பையன், என்னை "அண்ணே" என்பான். "ஆள் கிடைக்கலேண்ணே. உங்களுக்கு மட்டுமா? தெரு முழுக்கத்தானே இல்லை?" என்றான்.

எல்லோருக்கும் இல்லை என்பது ஒரு சமாதானமா? சரி, போகட்டும். மாதம் முடிந்ததும் முழுப் பணத்துக்கு வந்து நின்றான். பதினொரு நாளைக் கழித்துக்கொள் என்றேன். சிரித்தான். ரசீது கொடு என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "என்னண்ணே, நம்மளுக்குள்ளே ரசீதா?" என்றான்.

இந்த 'நம்மளுக்குள்ளே' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பையனோடு அல்ல. நமக்குள்ளே என்பதனால் ரசீது இல்லை. நமக்குள்ளே என்பதனால் கணக்கு இல்லை. நமக்குள்ளே என்பதனால் நூறு சேனலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்பதில்லை. ஆனால் பணம் வாங்கும்போது மட்டும் அது நமக்குள்ளே இல்லை, தொழில்! உறவைக் காட்டி உரிமையை வாயடைக்கிற இந்த வித்தை கேபிளோடு பிறந்ததல்ல. கூலி கேட்கிறவனிடம் 'நீ நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே' என்று சொல்லிச் சொல்லி எத்தனை தலைமுறை ஏமாற்றியிருக்கிறோம்! அதே பாட்டைத்தான் இப்போது வேறு வாய் பாடுகிறது.

டிஷ் பணக்காரன் சாமான், கம்பிதான் ஏழைக்குரியது என்று ஒரு வாதம். இதைச் சொல்கிறவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. இந்தியக் கிராமத்துக்கு டெலிவிஷன் முதன்முதலில் பெருமளவில் வந்தது வானத்திலிருந்துதான். 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு, ஆந்திரம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பாடமும் விவசாயமும் காட்டினார்கள். கோழிக்கூட்டு வலைக்கம்பியால் பின்னிய டிஷ், ஊர்ப் பொதுவில் ஒரு பெட்டி, சுற்றிலும் ஜனங்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமம் அதில் சேரவில்லை; ஆனால் டிஷ் என்பது அன்றைக்கு ஊருக்கே பொதுவாக இருந்த சாமான் என்பதை மறக்கக் கூடாது. கேபிள்காரர் மட்டும் எங்கிருந்து எடுக்கிறார்? கம்பியின் வேரைத் தேடிக்கொண்டு போனால், அது எங்கேயோ ஒரு பெரிய டிஷ்ஷின் அடியில் போய் முடிகிறது. வானத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் ஒன்றுதான், குழாய்தான் வேறு.

குழாயை யார் கையில் வைத்திருப்பது என்பதுதான் முப்பது வருஷமாக நம் நாட்டில் நடக்கிற சண்டை. 1993இல் சன் டி.வி. வந்தது, கம்பி ஊர் ஊராகப் பரவியது. 2006இல் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கினார்கள், குடிசைக்குள்ளும் பெட்டி வந்தது, பெட்டிக்குக் கம்பி வேண்டியிருந்தது. 2007இல் அரசாங்கமே ஒரு கேபிள் கார்ப்பரேஷனை ஏற்படுத்திற்று. அது சிறிது காலம் படுத்துக் கிடந்து, 2011 செப்டம்பரில் வேறொரு ஆட்சியில் எழுந்து உட்கார்ந்து, மாதம் 70 ரூபாய் என்றது. அந்த எழுபது ரூபாயைப் பார்த்துத்தான் நானும் என் டிஷ்ஷை மல்லாக்கப் போட்டுவிட்டுக் கம்பிக்கு வந்தேன். அதில் தவறில்லை. மலிவாகக் கிடைப்பது ஏழைக்கு நல்லதுதான். ஆனால் ஆளுகிறவர்களுக்குப் பிடிக்காத செய்திச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது, காணாமல் போகிறது என்ற புகாரும் ஆட்சிக்கு ஆட்சி எழாமல் இல்லை. கம்பியின் முனை எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில் நம் வீட்டுச் சாளரத்தின் தாழ்ப்பாளும் இருக்கிறது. இதை நினைக்காமல் மலிவை மட்டும் பேசுவது அறியாமை.

அப்படியானால் டிஷ் என்பது சுதந்திரமா? அதுவும் இல்லை. அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். அடைமழையில் டிஷ் குருடாகிவிடும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிற மெல்லிய அலையைக் கடைசி இரண்டு மூன்று மைல் மழை குடித்துவிடுகிறது. முன்பணம் தீர்ந்தால், தெரிந்தவன் தெரியாதவன் என்ற தாட்சண்யம் இல்லாமல் இருண்டுவிடும். பழுதென்று போன் செய்தால், ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் அலைக்கழிக்கும். பணம் கொடுக்க முடியாத மாதத்தில் 'அடுத்த மாசம் சேர்த்துக் கொடு பெரியம்மா' என்று சொல்ல அந்தக் குரலுக்குத் தெரியாது. கேபிள் பையனுக்குத் தெரியும். அதற்காக அவனை நான் மதிக்கிறேன். ஆயினும், இரக்கம் காட்டுகிறவன் ரசீது கொடுக்க வேண்டியதில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

மாதக் கட்டணமே இல்லாத டிஷ்ஷும் ஒன்று உண்டு. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கியது. ஒரு தடவை கருவி வாங்கினால் போதும். ஏழைக்கு இதைவிட நல்லது உண்டா? ஆனால் அதிலே வருகிற தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி பேசுகின்றன. தமிழ் மட்டும் தெரிந்த கிழவிக்கு அதில் கிடைக்கிற பேச்சுத்துணை சொற்பம். பொதுப் பணத்தில் ஓடுகிற வண்டியில் தமிழனுக்கு நிற்கத்தான் இடம்! மேடைக்கு மேடை மொழி முழக்கம் செய்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு தடவையாவது வாய் திறக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் நாம் தூங்கிக் கோட்டை விட்டோம். 2019 பிப்ரவரியிலிருந்து, எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று டிராய் விதி கொண்டுவந்தது. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்குமேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதி ஒட்ட வேண்டும். கம்பிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே விதி. எங்கள் தெருவில் எத்தனை பேர் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தோம்? நான் எழுதவில்லை. பேனா பிடித்துப் பிழைக்கிற நானே எழுதவில்லை! சேனல்காரர்கள் தனித்தனியாக வாங்கினால் விலை அதிகமாகவும், மூட்டையாகக் கட்டினால் மலிவாகவும் வைத்தார்கள். நாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதுவும் நமக்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்துகொள்ள மறுப்பவனைக் கம்பியும் காப்பாற்றாது, டிஷ்ஷும் காப்பாற்றாது.

ஆகவே டிஷ்ஷை நிறுத்திய அன்று, என் புத்தியில் உறைத்த இந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக, சேனல் ஜாபிதாவை எடுத்துக்கொண்டு தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உனக்கு என்னென்ன வேணும்? சொல்லு, எழுதிக்கிறேன்."

"எனக்கென்னடா, நீங்க பாக்கறதுதான்."

"இல்லை. உனக்கு வேண்டியதைச் சொல்லு."

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். சமையலிலிருந்து சம்பந்தம் வரை வீட்டில் எல்லாமே மற்றவர்களுக்கு வேண்டியபடி நடந்து பழகிய மனுஷி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். நான்கு சொன்னாள். நான்கே நான்கு! இத்தனை வருஷமாக இவள் பெயரில் எத்தனை சேனலுக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கேபிள்காரருக்குப் பங்கில்லை. அது முழுக்க என்னுடையது.

ஊர்ப்பிள்ளை வயிற்றில் அடித்தேன் என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அவனுடைய பிழைப்பு கெட வேண்டும் என்பது என் விருப்பமல்ல. அவனுக்குப் போட்டியே இல்லாதபோதுதான் பதினொரு நாள் கம்பி தெருவில் கிடந்தது. நான் இணைப்பை அறுத்த மறு வாரமே, லாரிக்கு எட்டாத உயரத்தில் கம்பியைத் தூக்கிக் கட்டியிருக்கிறான். என் துரோகத்தால் தெருவுக்கு விளைந்த நன்மை அது. இனி அவன் சேனல்களின் விலை ஜாபிதாவை ஒரு தாளில் கொடுக்கட்டும்; வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்கட்டும்; படமில்லாத நாளைக் கழித்துக்கொள்ளட்டும். அன்றைக்கே நான் திரும்பி வருகிறேன். ஊர்ப்பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுக்கவும் எனக்குச் சம்மதம்.

அதுவரையில் என் டிஷ், தென்கிழக்கு மூலையில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.